தலையில் அடிபட்டவர் வீடு திரும்பிய பிறகு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகை எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மதிய பஸ்ஸில்தான் வந்து சேரும். நான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன், பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் மலையகச் செய்திகளை ஒன்று விடாமல் வாசிப்பேன். விபத்துச் செய்தி இல்லாத வாரமே கிடையாது. பஸ் புரண்டது, ஓட்டோ பள்ளத்தில் பாய்ந்தது, மரம் முறிந்து விழுந்தது, குளவிக்குப் பயந்து ஓடியவர் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தார். எல்லாம் ஒரே மாதிரித்தான் முடியும்: தலையில் பலத்த காயங்களுக்குள்ளானவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளார், மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர். அந்த ஆள் பிழைத்தாரா, வீட்டுக்கு வந்தாரா, வந்தவர் பழைய ஆளாக வந்தாரா என்று அப்புறம் ஒரு வரி கூட வராது. அந்தச் செய்தி முடிகிற இடத்தில்தான் எங்கள் வீட்டில் எல்லாம் தொடங்கியது, அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், மன்னிக்க வேண்டும்.

2022 ஜூலை மாதம். காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பெற்றோல் செட்டில் நாள்கணக்கில் வரிசை நின்ற காலம், யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் விறகுக்குத்தான் அலைந்தார்கள். என் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட நேரம் பார்த்துக் கத்தியை எடுத்துக்கொண்டு போய் சவுக்கு மரத்தில் ஏறினார். பட்டை ஈரம், கால் வழுக்கிவிட்டது, விழுந்த இடத்தில் கான் ஓரத்துக் கல். வெளியில் பார்த்தால் பெரிய காயம் கூட இல்லை, நெற்றிக்கு மேல் ஒரு வீக்கம், காதில் கொஞ்சம் இரத்தம், அவ்வளவுதான். கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு வந்து, 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸில் ஏற்றினோம். முதலில் பக்கத்து வைத்தியசாலை, அங்கிருந்து மாவட்டத்துக்கு வெளியே இன்னொரு பெரிய வைத்தியசாலை, ஸ்கேன், தலையில் ஒப்பரேஷன். பத்தொன்பது நாள் கண் திறக்கவில்லை. அந்த டொக்டர்மார் என் புருஷனின் உயிரைத் திருப்பித் தந்தவர்கள், இன்றைக்கும் விளக்கு வைக்கும்போது அவர்களை நினைத்துக் கும்பிடுகிறேன். இனி நான் எழுதப்போகும் எதுவும் அவர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாற்பத்தோராம் நாள் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு பை மாத்திரை, வலிப்பு வராமல் இருக்கப் போடுகிறது என்றார்கள். ஒரு கிளினிக் திகதி. ஆங்கிலத்தில் எழுதிய ஒரு துண்டு. ‘மருந்தை நிறுத்த வேண்டாம், மறுபடியும் தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு நர்ஸ் மிஸ் பாதி சிங்களத்திலும் பாதி கையைக் காட்டியும் சொன்னார், அவருக்குப் பின்னால் இன்னும் பத்து நோயாளிகள் காத்திருந்தார்கள், பாவம். எனக்குத் தெரிந்த சிங்களம் கடையில் சாமான் வாங்கப் போதும், பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லப் போதும், மனுஷனுடைய மூளைக்கு என்ன ஆனது என்று கேட்கப் போதாது. அந்தத் துண்டைப் பக்கத்து வீட்டில் ஏ.எல். படிக்கிற தம்பியிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, ‘அக்கா, இந்தச் சொல்லெல்லாம் எனக்கும் தெரியாது’ என்றான். அதில் ‘15க்கு 7’ என்று இருந்ததை மட்டும் இருவருக்கும் வாசிக்க முடிந்தது. நினைவு எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்க 1974இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகர டொக்டர்மார் இருவர் உருவாக்கிய கணக்கு அது, கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் சேர்த்து முழுப் புள்ளி 15, எட்டும் எட்டுக்குக் கீழும் என்றால் கடுமையான காயம் என்றெல்லாம் நான் தெரிந்துகொள்ள ஒன்றரை வருஷம் ஆனது. டிக்கட் வெட்டிய அன்று யாராவது அதைச் சொல்லியிருந்தால், என்ன மாதிரி ஆளை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தார். நடந்தார், சாப்பிட்டார், ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். லயமே வந்து பார்த்தது, மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தோம். ஒரு மாதம் சந்தோஷம்.

அப்புறம் சோற்றுத் தட்டு பறக்கத் தொடங்கியது. ‘கறியில் ஒன்றுமே இல்லை, என்னத்தைச் சமைச்ச’ என்பார். உப்பைக் கூட்டினேன், மிளகாயைக் கூட்டினேன், தேங்காய் விலை ஏறியிருந்த நேரத்திலும் தேங்காய்ப்பால் விட்டு வைத்தேன், எதற்கும் அதே பேச்சு. கல்யாணம் கட்டிப் பதினொரு வருஷத்தில் என் சமையலை ஒரு நாள் குறை சொல்லாத மனுஷன். என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து நான் அழுத இரவுகளுக்குக் கணக்கில்லை. அவர் தொழிற்சாலையில் வேலை செய்தவர், அரைத்த கொழுந்து நிறம் மாறி வரும்போது எழும்புகிற வாசனையை வைத்தே இது பதம், இது இன்னும் கொஞ்சம் கிடக்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர். அந்த மூக்கில் இப்போது வாசனையே இல்லை. மணத்தைக் கொண்டு போகிற நரம்பு மெல்லிய நூல்கள் மாதிரி மூக்குக்கு மேலே உள்ள எலும்பைத் துளைத்துக்கொண்டு மூளைக்குப் போகிறதாம், தலை அடிபட்டு மூளை உலுங்கும்போது அது அறுந்துவிடுவது நிறையப் பேருக்கு நடக்கிறதாம். மணம் இல்லாவிட்டால் கறியில் உப்பும் உறைப்பும் மட்டும்தான் மிஞ்சும். அவர் பொய் சொல்லவில்லை, அவர் வாய்க்கு உண்மையிலேயே கறியில் ஒன்றும் இருக்கவில்லை. இது தெரிந்திருந்தால் ஒரு வருஷக் கண்ணீர் எனக்கு மிச்சம்.

மற்றதையும் சொல்கிறேன். காலையில் கேட்டதையே பத்துத் தடவை கேட்பார். சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் சத்தமாகச் சிரித்தார். கடன் கேட்டு வந்தவருக்கு வீட்டில் இருந்த சம்பளக் காசு முழுவதையும் எடுத்துக் கொடுத்தார். பிள்ளை பென்சிலைக் கீழே போட்டால் இடி விழுந்த மாதிரி கத்துவார், பத்து நிமிஷத்தில் எதுவும் நடக்காத மாதிரி ‘தேத்தண்ணி இருக்கா புள்ள’ என்று கேட்பார். சில நாள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், குளிக்கச் சொல்ல வேண்டும், சாப்பிடச் சொல்ல வேண்டும். ஏழு மாதம் கழித்துத் தொழிற்சாலைக்கு அனுப்பிப் பார்த்தோம். அங்கே மெஷின் சத்தம் தாங்கவில்லை, ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். ஆள் பார்க்க முழுசாக இருந்ததால் லயத்தில் பேச்சு எழும்பியது. வேலைக்குப் போகாமல் இருக்க நடிக்கிறான் என்றார்கள் பாதிப்பேர். மண்டை பிசகிவிட்டது என்றார்கள் மீதிப்பேர். கை உடைந்து கட்டுப் போட்டிருந்தால் இப்படி ஒரு பேச்சு வந்திருக்காது.

என் மாமியார் குறி சொல்கிற கோடாங்கியிடம் கூட்டிப்போனார். மரத்தில் இருந்த முனி அடித்துவிட்டது என்று சொல்லி, சேவல், எலுமிச்சை, தாயத்து என்று இருபதாயிரத்துக்கு மேல் போனது. படித்தவர்கள் இதைக் கேட்டுக் கோபப்படுவார்கள். எனக்கு அந்தக் கோபம் வருவதில்லை. ஏனென்றால் அந்த ஆறு மாதத்தில் எங்களை உட்கார வைத்து, என்ன நடந்தது, எப்போதிருந்து இப்படி, ராத்திரி தூங்குகிறாரா, உனக்கு என்னம்மா கஷ்டம் என்று முழுசாக இரண்டு மணித்தியாலம் தமிழில் கேட்ட ஒரே மனுஷன் அந்தக் கோடாங்கிதான். அவர் சொன்ன காரணம் தப்பு. ஆனால் அவர் கேட்ட கேள்விகளை வேறு யாரும் எங்களிடம் கேட்கவில்லை. எங்கள் ஜனங்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்று யோசிக்கிறவர்கள் இந்த இரண்டு மணித்தியாலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2023இல் அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பண விஷயமாகப் பிரதேச செயலகத்துக்கு அலைந்த நாட்களில் ஒரு நாள் படிவத்தில் கணவரின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்று அப்படியே அழுதுவிட்டேன். அங்கே உளவளத்துணை உத்தியோகத்தராக இருந்த ஒரு தமிழ்ப் பிள்ளை, என்னை விட வயது குறைவாக இருக்கும், ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், ‘அக்கா, நீங்க தூங்குறீங்களா’ என்று கேட்டார். அதுவரைக்கும் வருகிறவர்கள் எல்லாரும் அவர் தூங்குகிறாரா, அவர் சாப்பிடுகிறாரா என்றுதான் கேட்டார்கள், அது நியாயம்தான், ஆனாலும் என்னை ஒருவர் கேட்டவுடன் என் உடம்பில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கொழுந்துக் கூடையை நிறுவைக்கு மடுவத்தில் இறக்குகிறவர்களுக்கு அது தெரியும்.

அவர் எனக்கு ஒளிக்கவில்லை, ‘மூளைக் காயத்தைப் பற்றி நான் தனியாகப் படித்ததில்லை, கேட்டுச் சொல்கிறேன்’ என்றார். சொன்ன மாதிரியே டொக்டர் ஒருவரிடம் கேட்டு வந்து, அடுத்த முறை ஒரு தாளில் தலையைக் கீறி விளங்கப்படுத்தினார். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதிதான் மனுஷனுக்குப் பிரேக் மாதிரி. கோபம் எல்லாருக்கும் வரும், சிரிப்பு எல்லாருக்கும் வரும், இது இடமில்லை என்று நிறுத்துவது அந்தப் பகுதி. அதில்தான் இவருக்கு அடி. ‘வண்டி நல்லாத்தான் இருக்கு அக்கா, பிரேக் பிடிக்கல, இறக்கத்தில போற வண்டிக்கிட்ட ஏன் நிக்கலன்னு சண்டை போட்டா என்ன நடக்கும்’ என்று கேட்டார். இன்னொன்றும் சொன்னார். தனக்கு இப்படி ஆகிவிட்டது என்று உணர்கிற பகுதியே அடிபட்டுப் போவதும் உண்டு, அதனால் ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று அவர் சொல்வது பிடிவாதம் இல்லை, அவருக்கு அப்படித்தான் தெரிகிறது.

அன்றிலிருந்து எங்கள் வீடு கொஞ்சம் மாறியது. அந்த உளவளத்துணைப் பிள்ளை சொல்லித்தந்தது எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள், காசு செலவே இல்லாதவை. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்வது. ‘தண்ணி எடுத்துட்டு வந்து, விறகைப் பிளந்துட்டு, பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க’ என்று ஒரே மூச்சில் சொன்னால் மூன்றும் நடக்காது. சுவரில் கலண்டர், கீழே ஒரு கொப்பி, அன்றைக்குச் செய்ய வேண்டியதை எழுதி வைத்து முடிந்ததும் அவரே வெட்டிவிடுவது. கோபம் ஏறும்போது பதில் பேசாமல் வெளியே போய்விட்டுப் பத்து நிமிஷம் கழித்து வேறு பேச்சோடு வருவது. மதியம் கட்டாயம் ஒரு மணித்தியாலம் படுக்க வைப்பது, ஏனென்றால் அடிபட்ட மூளை சும்மா நாலு பேர் பேசுவதைக் கேட்டாலே மலையேறின மாதிரி களைத்துப்போகும், களைத்தால் கோபம் வரும். கிளினிக்குக்குப் போகும்போது பாட்டுச் சத்தம் போடுகிற பஸ்ஸில் அவர் ஏன் காதைப் பொத்திக்கொண்டு இறங்க வேண்டும் என்று கத்தினார் என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. தேவையில்லாத சத்தத்தை ஒதுக்கிவிட்டு வேண்டியதை மட்டும் கேட்கும் திறமை நமக்கு இருக்கிறது, அவருக்கு எல்லாச் சத்தமும் ஒரே அளவாக உள்ளே வருகிறது. இப்போது விடியப்புறம் 4 மணி பஸ்ஸிலேயே ஹட்டனுக்குப் போய்விடுகிறோம், காதுக்குப் பஞ்சு, தலைக்குத் தொப்பி.

மகனைப் பற்றியும் அந்த உத்தியோகத்தர் கேட்டார். நான் கவனிக்காத ஒன்று அது. பையனுக்கு அப்போது எட்டு வயது, வீட்டில் விரலை ஊன்றித்தான் நடப்பான், பாடத்தை உதட்டுக்குள்ளே வாசிப்பான், வகுப்பிலும் வாய் திறப்பதில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா தன்னால்தான் கத்துகிறார் என்று பிள்ளை முடிவு செய்து வைத்திருந்தான். ‘அப்பாவுடைய மூளையில் காயம், அது வெளியில் தெரியாது, உன் மேல் கோபம் இல்லை’ என்று அவனுக்கு விளங்குகிற மாதிரி அந்த உத்தியோகத்தர் சொல்லிக்கொடுத்தார். அவன் கேட்ட முதல் கேள்வி, ‘அப்ப கட்டுப் போட ஏலாதா’ என்பது.

ஒரு விஷயம் எழுதவே வெட்கமாக இருக்கிறது, எழுதாவிட்டால் எனக்குப் பின்னால் வருகிற பெண்களுக்கு அது தெரியாமலே போய்விடும். புருஷன் பெண்சாதி உறவும் இந்தக் காயத்தில் அடிபடுகிறது. சிலருக்கு விருப்பமே இல்லாமல் போகிறது, சிலருக்கு நேரம் காலம் தெரியாமல் போகிறது. பிள்ளையைக் கவனிக்கிற மாதிரி ஒருவரைக் குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, அப்புறம் அவருக்கே பெண்சாதியாகவும் இருப்பது லேசான காரியம் இல்லை. இதைத் தாயிடமும் சொல்ல முடியாது, மாமியாரிடமும் சொல்ல முடியாது. சொல்லலாம் என்று ஒரு பெண் உத்தியோகத்தர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டதால்தான் நான் சொன்னேன்.

குடியும் அப்படித்தான். கூட்டாளிமார் பாவம் பார்த்து, ஒரு கிளாஸ் போட்டால் தலைப்பாரம் இறங்கும் என்று கொடுக்கிறார்கள். அடிபட்ட மூளைக்குக் கொஞ்சம் சாராயமே நிறைய. வலிப்பு வருவதும் கூடும், இருக்கிற கொஞ்ச நஞ்சப் பிரேக்கும் போய்விடும். தயவு செய்து கொடுக்காதீர்கள்.

ராத்திரியில் தூக்கம் வராதபோது போனில் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவில் பீனியஸ் கேஜ் என்று ஒரு ரயில்பாதைத் தொழிலாளி, கூலியாட்களை மேற்பார்க்கிற கங்காணி மாதிரி வேலை, 25 வயது. 1848 செப்டெம்பர் 13ஆம் திகதி பாறைக்கு வெடி வைக்கும்போது மூன்றரை அடிக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி கன்னத்தில் புகுந்து தலை உச்சியால் வெளியே போனது. ஆள் சாகவில்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த டொக்டர் ஹார்லோ 1868இல் எழுதினார், கூட்டாளிமார் ‘இவன் பழைய கேஜ் இல்லை’ என்று சொன்னார்களாம். இதை வாசித்ததும் போனை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் அங்கே சொன்ன வார்த்தையை எங்கள் லயத்திலும் அப்படியே சொல்கிறார்கள். ஆனால் கதையின் மிச்சத்தை நிறையப் பேர் சொல்வதில்லை. அந்த மனுஷன் அப்புறம் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்திருக்கிறார். தினமும் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே வேலை என்ற ஒழுங்குதான் அவரைத் தேற்றியிருக்கும் என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதை வாசித்த பிறகுதான் நான் இவருக்குத் தினமும் ஒரே நேரத்தில் செய்ய ஒரு வேலை தேடினேன். இப்போது காலையில் மகனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் விடுவது அவர் பொறுப்பு, திரும்பி வந்து எங்கள் மரக்கறித் தோட்டத்தில் லீக்ஸுக்குத் தண்ணீர். மூன்று வருஷம் ஆனாலும் சின்ன முன்னேற்றம் வந்துகொண்டுதான் இருக்கிறது. முதல் ஆறு மாதத்தில் வேகமாகத் தேறும், அப்புறம் மெதுவாகும், அதற்காக நின்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை.

போலின் பாஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்கிறவர், தெளிவில்லாத இழப்பு என்று ஒன்றைப் பற்றி 1970களில் இருந்து எழுதி வந்திருக்கிறார். அது இரண்டு வகையாம். ஆள் இல்லை, ஆனால் மனசில் இருந்து போகவும் மாட்டார். நம் நாட்டில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு வடக்கு கிழக்கில் வீதியில் இருக்கிற அம்மாமாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, ஆள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறார், ஆனால் நாம் அறிந்த ஆள் அவருக்குள் இல்லை. அதுதான் எங்கள் வீடு. செத்தவருக்கு எட்டு இருக்கிறது, முப்பத்தொன்று இருக்கிறது, ஊர் கூடி அழ ஒரு நாள் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவருக்காக அழுதால், ‘கடவுள் உயிரைத் தந்திருக்கிறார், ஏன் அழுகிறாய்’ என்று வாயை மூடுகிறார்கள். அழலாம் என்று எனக்குச் சொன்னதும் அந்த உளவளத்துணைப் பிள்ளைதான்.

அவருக்கு 2024 கடைசியில் இடமாற்றம் வந்துவிட்டது. அப்புறம் எங்களுக்கு யாரும் இல்லை.

இப்போது நான் கேட்க வந்ததைச் சொல்லிவிடுகிறேன். தலையில் அடிபட்டவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், அவரைக் கவனிக்கப்போகிற ஆளை உட்கார வைத்து ஒரு அரை மணித்தியாலம் அவருக்கு விளங்குகிற மொழியில் பேச ஒருவர் வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்திலேயே எழுதியாயிற்று. ஒரு சிறு புத்தகம் தமிழில் அச்சடித்துத் தரக்கூடாதா? கோபம் வரும், மறதி வரும், வாசனை போயிருக்கலாம், சத்தம் தாங்காது, குடி கூடாது, மருந்தை நிறுத்தக் கூடாது, நீங்களும் தூங்க வேண்டும். இவ்வளவு எழுதியிருந்தாலே எங்கள் வீட்டில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

அதற்குப் பிறகும் தொடர்ந்து வேண்டும். கை கால் பயிற்சிக்கு றாகமையிலும் திகனையிலும் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் இருக்கின்றன, நல்லது. மேல் பொகவந்தலாவையில் இருந்தோ மஸ்கெலியாவில் இருந்தோ பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், இழந்து, பஸ் காசு கொடுத்து, பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு அங்கே எத்தனை தடவை போக முடியும்? 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் வந்து திறந்து வைத்த டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. அங்கே மாதத்தில் ஒரு நாள், மூளைக் காயத்தைப் பற்றிப் படித்த, தமிழ் பேசுகிற ஒருவர் இந்தக் குடும்பங்களுக்கென்று மட்டும் உட்காரட்டும். தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவுக்கும், லயம் லயமாக வருகிற மிட்வைஃப் அம்மாவுக்கும், பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தர்களுக்கும் இதைப் பற்றி இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் புதிதாக யாரையும் தேட வேண்டியதில்லை, அவர்களுக்குத்தான் எந்த லயத்தில் எந்தக் காம்பராவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. எங்கள் ஆட்களையும் அதற்குள் பார்க்க வேண்டும். ஊன்றுகோல் இல்லை, சக்கர நாற்காலி இல்லை, அதனால் இவருக்கு ஒன்றுமில்லை என்று ஒரு படிவத்தை எனக்குத் திருப்பித் தந்தார்கள்.

2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் டித்வா புயலில் கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் எத்தனையோ வீடுகள் மண்ணுக்குள் போயின. இரண்டிலும் உயிர் தப்பி, தலையில் அடியோடு வீடு போனவர்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் இந்நேரம் ஒரு சோற்றுத் தட்டு பறந்துகொண்டிருக்கலாம். உங்கள் நிருபர்கள் ஆறு மாதம் கழித்து அந்த வீடுகளுக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதை வாசிக்கிற யாருக்காவது இனி முடியாது, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. எனக்கும் ஒரு காலம் அந்த நினைப்பு வந்தது.

எங்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு வீடுகளைத் தேடிப் பிடித்திருக்கிறேன். ஒன்றில் ஓட்டோ புரண்டு அடிபட்ட 22 வயதுப் பையன், தாயை அடிக்கிறான். இன்னொன்றில் வழுக்கி விழுந்த கொழுந்தெடுக்கிற அக்கா, அவருக்குச் சொல் வாயில் வருவதில்லை, புருஷன்தான் பார்த்துக்கொள்கிறார், அவர் எங்களிடம் வந்து வாய்விட்டு அழுதார். மாதத்தில் கடைசி ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டு ஆட்களும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசுகிறோம். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன், அது போதவில்லை. அந்தப் பையன் கேட்கிற கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியாது. டொக்டரோ, உளவளத்துணையாளரோ, பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிற பிள்ளைகளோ, இதைப் படித்தவர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களோடு உட்கார முடியுமா? பத்து மணிக்குத் தொடங்குவோம், அடிபட்டவர்களுக்குச் சத்தம் ஆகாது என்பதால் மைக் வைப்பதில்லை. பத்திரிகை அலுவலகத்தில் கேட்டால் என் இலக்கத்தைத் தருவார்கள், ஹட்டன் பஸ் நிலையத்துக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பொகவந்தலாவை.